ரோஜா முத்தையாவும் குப்பைப் புத்தகங்களும்

நூல் சேர்த்தவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவரை ஒரு பக்தராக்கிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாருக்கும் (1886–1992) அக்கதியே நேர்ந்திருக்கிறது. அவருடைய புத்தகக் காதலைப் பக்கம் பக்கமாகப் புகழ்வோர், எத்தகைய புத்தகங்களைச் சேர்த்தார் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். நமது அபிப்பிராயத்தில் விஷயமே அதில்தான் இருக்கிறது.

சென்னையில் விளம்பரப் பலகை எழுதி ஜீவனம் செய்த அவர், 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கினார். பண்டிதர் போற்றும் பதிப்புகளோடு நாடக நோட்டீசும், காலணாப் பாட்டுப் புத்தகமும், வைத்திய நூலும், நின்றுபோன பத்திரிகைகளும் கோட்டையூர் வீட்டை நிறைத்தன. உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று அவர் தரம் பிரிக்கவில்லை. ஓலைச்சுவடி அழிவதைக் கண்டு பதறிய பெரியோர் பலர் நமக்கு உண்டு, உ. வே. சாமிநாதையரை அறியாதார் யார்? ஆனால் அச்சிட்ட தாளும் அழியும் என்று கவலைப்பட்டோர் மிகச் சிலரே. ஏழை படித்த தாள் முதலில் அழியும் என்பதை அறிந்து நடந்தவர் முத்தையா.

ஆராய்ச்சியாளரிடம் அவர் கட்டணம் பெற்றதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். உழைப்புக்குக் கூலி கேட்பது குறையானால், தோட்டத்தில் மாதச் சம்பளம் வாங்கும் நாமும் குற்றவாளிகளே!

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரத்தை, அவர் காலமான பின் விலைகொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து, 1994-இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழ வழி செய்தனர். நன்றி கூறுகிறோம், உடன் வெட்கமும் படுகிறோம்.

பட்டியலிடுவோரையும் இங்கு நினைத்தல் தகும். பாதிரியாரின் இயக்கத்தைச் சார்ந்த ஜான் மர்டாக், 1865-இல் அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தியபோது, தம் சமயத்துக்கு ஒவ்வாதவற்றையும் விட்டாரில்லை. நம் நாட்டில் இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 1969-இல் ஒரு பட்டியல் தந்தார். பட்டியலில் பெயர் நின்றால் மட்டும் போதுமா? நூல் கையில் வரவேண்டாமா?

இதைக் கேட்க நமக்கு உரிமை குறைவு. சிரம்பானுக்கு அப்பாலுள்ள நமது தோட்டத்தில் பழைய வாசகசாலையை இடித்தபோது, மூன்று மரப்பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் வெளிவந்தன. ஆங்கிலத்திலேயே கற்றுவந்த கிராணியாகிய நாம் அவற்றைப் புரட்டியும் பார்க்கவில்லை. எடைக்குப் போட்ட ரசீதில் "பழங்காகிதம்" என்று ஆங்கிலத்தில் எழுதியது நமது கையே. மேலே கிடந்ததொரு பாட்டுப் புத்தகத்தின் மஞ்சள் அட்டை நினைவிருக்கிறது. அதன் பெயரை இராம சுப்பையாவின் பட்டியலில் தேடலாமென்றால், அன்று நாம் அதைப் படிக்கவில்லை.