வடகமும் தூளும்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில், சித்திரை பிறந்தால் மொட்டைமாடிகளில் வெங்காய வாசனை ஏறிவிடும். நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து இரவு மூடி வைப்பார்கள். காலையில் முறத்தில் பரப்புவார்கள். மாலையில் திரட்டி உருண்டை பிடிப்பார்கள். மறுநாள் உதிர்த்து மறுபடியும் வெயிலில் வைப்பார்கள். ஈரம் முழுக்கப் போகும்வரை இது நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, ஜாடியில் அடுக்கினால் அடுத்த சித்திரை வரைக்கும் வீட்டின் தாளிப்புக் கவலை தீர்ந்தது. வடகம், வடவம் என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள்.

வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஒருவர் அரைமணியில் மீன்குழம்பு இறக்கி வைக்கிறார் என்றால், அந்தக் குழம்பின் பாதி வேலை சித்திரை வெயிலிலேயே முடிந்திருக்கிறது. நல்லெண்ணெய் காய்ந்ததும் ஒரு உருண்டையைக் கிள்ளிப் போட்டால் போதும். வெங்காயம் நறுக்க வேண்டாம், பூண்டு உரிக்க வேண்டாம், கடுகு டப்பாவைத் தேட வேண்டாம். புளிக்கரைசலும் மிளகாய்த்தூளும் மீனும் சேர்ந்துவிட்டால் சோறு வடிக்கும் நேரத்தில் குழம்பு தயார். கருவாட்டுக் குழம்புக்கும் கீரைக் கடைசலுக்கும் அதே உருண்டைதான். வாரநாள் சமையலின் ருசி அடுப்படியில் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். அது பெரும்பாலும் முன்பே சேர்த்து வைத்த உழைப்பில் பிறக்கிறது. புதுச்சேரியின் வீட்டுச் சாப்பாட்டை இலங்கைத் தமிழர் சாப்பாட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகிறது.

யாழ்ப்பாணத்தில் வடகத்தின் இடத்தில் இருப்பது தூள். அங்கேயும் வடகம் உண்டு, ஆனால் அது உளுந்தும் வேப்பம்பூவும் சேர்த்துக் காயவைத்துப் பொரித்துத் தின்பது. கறியைத் தாங்குவது தூள்தான். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. ஒவ்வொன்றுக்கும் வறுபடும் பதம் வேறு என்பதால் தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லி கொஞ்சம் கருகினாலும் தூள் முழுதும் கசக்கும். முன்பு உரலில் இடித்தார்கள், இப்போது மில்லில் திரிக்கிறார்கள். அளவு வீட்டுக்கு வீடு மாறும். அம்மாவின் தூளுக்கும் மாமியின் தூளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் நாக்குகள் அங்கே சாதாரணம்.

நம் பக்கத்தில் சாம்பாருக்கு ஒரு பொடி, ரசத்துக்கு ஒரு பொடி, கறிக்கு ஒரு மசாலா என்று அலமாரி நிறைந்து கிடக்கும். யாழ்ப்பாணத்து அடுப்படியில் கத்தரிக்காய்க்கும் மீனுக்கும் முட்டைக்கும் ஆட்டிறைச்சிக்கும் ஒரே தூள். சமைக்கும் முறையும் அதனால் மாறுகிறது. வடகம் எண்ணெயில் பொரிந்துதான் வாசனை விடும். எனவே நம் குழம்பு எண்ணெயில் தொடங்குகிறது, இறக்கும்போதும் மேலே எண்ணெய் மிதக்க வேண்டும். தூள் ஏற்கெனவே வறுபட்டது. பச்சை வாசனை போக அதை எண்ணெயில் வதக்க வேண்டியதில்லை. கொதிக்கும் கறியில் தேங்காய்ப்பாலோடு சேர்ந்தாலே போதும். அந்தக் கறிகளின் கருஞ்சிவப்பு நிறமும் அடியில் தங்கும் வறுத்த மணமும் இப்படித்தான் வருகின்றன. என் நாக்கு புளியும் நல்லெண்ணெயும் பழகியது. ஆனாலும் அவசரத்துக்குச் சமைக்க எது எளிது என்று கேட்டால் தூள் என்றுதான் சொல்வேன்.

இரவுச் சாப்பாட்டில் இரண்டு கரைகளும் இன்னும் விலகிப் போகின்றன. புதுச்சேரியில் இரவு என்றால் மாவு. புளித்த மாவில் தோசையோ இட்லியோ, தொட்டுக்கொள்ள மதியக் குழம்பு. யாழ்ப்பாணத்தில் இரவு என்றால் பிட்டு அல்லது இடியப்பம். வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து, பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவிக்கிறார்கள். அவித்த கோதுமைமாவைக் கலப்பவர்களும் உண்டு. கூடவே சொதி. பச்சைமிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் இரண்டாம் பாலில் வெந்த பிறகு முதற்பாலை விட்டு, திரைவதற்கு முன் அடுப்பிலிருந்து இறக்கி, ஆறும்போது தேசிக்காய் எனும் எலுமிச்சைப் புளி பிழிவார்கள். காய்ச்சல்காரரும் குழந்தையும் வேலைக்குப் போய் வந்தவரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடலாம். நம்மிடம் அந்த வேலையைச் செய்வது மிளகு ரசம்.

அங்கே பல வீடுகளில் இன்னொரு இரவுச் சாப்பாடும் உண்டு: பாணும் சம்பலும், அல்லது பாணும் பருப்பும். போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயரோடு ரொட்டி அங்கே சாதாரண மக்களின் சாப்பாடாகிவிட்டது. ஆட்டோவில் பாட்டு ஒலிக்கத் தெருத்தெருவாக வந்து விற்கிறார்கள். புதுச்சேரி 1674 முதல் 1954 வரை, நடுவில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சில காலம் பிடித்து வைத்திருந்தது போக, பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். நீளமான பிரெஞ்சு ரொட்டியை இன்றும் இங்கே சுடுகிறார்கள். ஆனாலும் வாய்க்காலுக்கு மேற்கே பெரும்பாலான வீடுகளில் ரொட்டி இன்னும் காய்ச்சலுக்குப் பாலில் நனைத்துத் தருவதுதான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா குடும்பங்களிலும் ஐரோப்பிய-இந்தியக் கலப்பில் வந்த கிரியோல் வீடுகளிலும்தான் அது தினசரி மேசைக்கு வந்தது. ஐரோப்பியச் சமையல் இலங்கையில் ஊர் முழுக்கப் பரவியது, இங்கே சில தெருக்களோடு நின்றுவிட்டது. இரண்டு கரைகளுக்கும் நடுவில் நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான்.

அந்தச் சில தெருக்களில் நடந்தது அற்பமானதல்ல. மார்செய் துறைமுகத்து மீனவர்கள் விலைபோகாத முள்மீன்களைப் போட்டுக் காய்ச்சிய புயாபேஸ், இங்கே வந்து மஞ்சளும் பெருஞ்சீரகமும் சேர்ந்து 'மீன் புயாபேஸ்' ஆனது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமிய நெம்மைக் கொண்டுவந்தன. அரிசித்தாளில் இறைச்சியைச் சுருட்டிப் பொரிக்கும் அந்தப் பண்டம் இன்றும் சில புதுச்சேரி வீடுகளில் விருந்து நாளில் தட்டுக்கு வருகிறது. இந்தச் சமையலைப் பதிவு செய்து லூர்து திருவாஞ்சியம் லூயி 2012இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். எழுதி வைக்காவிட்டால் போய்விடும் அளவுக்கு அது சில குடும்பங்களின் கையில் மட்டும் இருந்தது.

புயாபேஸைப் பற்றிப் பேசினால் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழை விட்டுவிட முடியாது. இரண்டும் கடற்கரைக்காரர்களின் ஒரு சட்டிச் சாப்பாடு. ஆனால் கூழ் எவ்வளவோ பெரியது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கி, கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். முற்றத்தில் பெரிய பானை ஏறும். ஒரு கை அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை. பிறகு மீன்தலை, நண்டு, இறால். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும். கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினால் பானை முழுவதும் தடிக்கும். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். இரண்டு பேருக்கு அளவாக யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. சித்தப்பா வீடு, மாமா வீடு, பக்கத்து வளவு என்று எல்லாரும் வந்தால்தான் அது கூழ். புதுச்சேரியின் மீன் புயாபேஸை நான்கு பேர் மேசையில் உட்கார்ந்து ரொட்டி தொட்டுச் சாப்பிடலாம். கூழுக்கு மேசை போதாது.

ஒடியல் தின்பண்டமாக மட்டும் இருந்ததில்லை. 1990களில் வடக்கே பொருளாதாரத் தடையும் போரும் இருந்தபோது, வெளியிலிருந்து மாவும் சீனியும் வராத நாட்களில், பனையும் குரக்கன் எனும் கேழ்வரகும்தான் பல வீடுகளைத் தாங்கின. காயவைத்துச் சேமிப்பது அங்கே ருசிக்காக மட்டும் செய்ததல்ல. நம்மிடம் வடகம் மறைந்தால் ஒரு ருசிதான் போகும். அங்கே ஒடியல் இல்லாமல் போயிருந்தால் பசித்திருப்பார்கள்.

ஆடி மாதத்திலும் இரு கரைகளும் கூழ் காய்ச்சுகின்றன. புதுச்சேரியில் மாரியம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் கலந்து, கருவாட்டுக் குழம்போ முருங்கைக்கீரையோ தொட்டுக் குடிப்பது. யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ் இனிப்பு. அரிசிமாவும் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும். கூடவே கொழுக்கட்டை. பிள்ளைகளுக்கான திருநாளாக அது மனதில் பதிந்ததற்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பற்றிப் பாடிய பாட்டும் ஒரு காரணம்.

தீபாவளியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடாமல் புதுச்சேரியில் பல வீடுகளுக்குத் தீபாவளி விடியாது. யாழ்ப்பாணத்திலும் ஆட்டிறைச்சிதான், ஆனால் வாங்கும் விதம் வேறு. அயலவர் சேர்ந்து ஆடு வாங்கி அடித்துப் பங்கு பிரிப்பார்கள். எலும்பும் ஈரலும் சதையும் எல்லாப் பங்கிலும் சமமாக விழ வேண்டும். கசாப்புக் கடையில் வரிசையில் நின்று வாங்கும் நமக்கு அந்த ஒழுங்கு பொறாமையைத் தரும். நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழா நடக்கும் 25 நாளும் பல சைவ வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், ஏறாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே புரட்டாசிக்கு நாம் இருப்பது போலத்தான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கிறிஸ்துமஸ் கேக். புதுச்சேரியின் கிரியோல் வீடுகளில் 'விவிகம்' என்று ஒரு கேக் செய்வார்கள். அதில் ரவை சேரும். வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறவைத்த உலர்பழங்கள். இலங்கையின் கிறிஸ்துமஸ் கேக்கை எடுத்துப் பாருங்கள். அதிலும் ரவைதான். பூசணிக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்த தோசி, இஞ்சித் தோசி, முந்திரி, பிராந்தியில் ஊறிய பழங்கள், நிறைய மஞ்சள்கரு, தேன், பன்னீர். துண்டுகளாக வெட்டி வண்ணத்தாளில் சுற்றி வீடு வீடாகக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர். மறுபக்கம் போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும். எஜமானர்கள் வேறு வேறு, ஆனாலும் இரண்டு கரை அடுப்படிகளும் ரவையைத்தான் எடுத்திருக்கின்றன. ரவை வெண்ணெயையும் மதுவையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெக்கையிலும் கேக் சீக்கிரம் வறண்டுபோகாது. கேசரி கிண்டிப் பழகிய கைக்கு அது தெரிந்த சரக்கு. இதை ஐரோப்பியர் கற்றுக்கொடுத்ததாக நான் நினைக்கவில்லை, சமையல்காரப் பெண்கள் கண்டுபிடித்ததாகத்தான் நினைக்கிறேன்.

அந்த இலங்கைக் கேக் ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கியர் வீட்டோடு நிற்கவில்லை. 1929இல் முதலில் வந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் போன்றவை வழியாகவும், கல்யாணக் கேக் வழியாகவும் அது தீவு முழுக்கப் பரவி, சிங்களவர் தமிழர் என்ற வேறுபாடில்லாமல் எல்லார் வீட்டுக்கும் போனது. விவிகத்தைச் சுவைக்காத புதுச்சேரிக்காரர்களோ இன்றும் ஏராளம். நம் ஊரில் பிறந்த ஒரு பலகாரம் நம் ஊர்க்காரர்களுக்கே அன்னியமாக இருப்பது வருத்தம் தருகிறது.

இரு கரைகளும் நெருங்கி இருக்கும் இடம் ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம். பேருந்தில் போய்வரும் தூரம். அங்கே சிவப்பரிசி மாவு எளிதாகக் கிடைப்பதில்லை, ஆனாலும் பிட்டு அவிகிறது. நம் உணவு விழாக்களில் பிரெஞ்சு ஒயினுக்கும் கேக்குக்கும் தரும் இடத்தில் ஒரு மூலை இந்தச் சமையலுக்கும் கிடைக்க வேண்டும்.

இன்னொரு இடம் பாரிஸ். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த புதுச்சேரிக்காரர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். லா சாப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக நிற்கின்றன, யாழ்ப்பாணத்துத் தூள் பொட்டலம் பொட்டலமாக விற்கிறது. அதே ஊரின் நவநாகரிகக் கடைகளில் நம் வடகம் 'வடுவான்' என்ற பெயரில் கண்ணாடிச் சீசாவில் இருக்கிறது. 2000த்துக்குப் பிறகு ஐரோப்பிய, அமெரிக்கச் சமையல் கலைஞர்கள் அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அடுப்பில் உலர்த்தியது, விளக்கெண்ணெய் இல்லாதது, உருண்டையும் பிடிக்காதது. தூளை விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் அதையே தின்று வளர்ந்தவர்கள். அதனால்தான் அது மாறாமல் இருக்கிறது. வடகமோ அங்கே சமைக்கத் தெரிந்தவர் கையைவிட்டுப் போய்விட்டது.

புதுச்சேரியிலேயே வடகத்துக்கு இப்போது சிரமம்தான். தனிவீடுகள் அடுக்குமாடிகளாகின்றன, மொட்டைமாடி எல்லாருக்கும் பொதுவாகிறது, முறத்தைக் காக்கையிடமிருந்து காக்கப் பகலில் ஆள் இல்லை. பெரிய மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம், வாங்குவதில் குற்றமில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களும் எல்லாரும் தாமே தூள் இடிப்பதில்லை. ஆனால் வாங்கும்போது கேட்டு வாங்குகிறார்கள்: எந்த வீட்டுத் தூள், எப்போது வறுத்தது, மல்லி எவ்வளவு. வடகம் வாங்கும்போது நாமும் கேட்கலாம், எத்தனை வெயில் காய்ந்தது என்று.