எட்டு மடங்கு போதும்

பைனாகுலரைக் கையில் வாங்கிப் பார்க்கும் யாரும் முதலில் கேட்பது, "இதுல எவ்வளவு தூரம் தெரியும்?" என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று சொல்வார். வெறுங்கண்ணுக்கே நிலா தெரிகிறதே! புதிதாகப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு. எவ்வளவு அகலம் தெரியும்? காலை ஆறு மணி வெளிச்சத்தில் எவ்வளவு துலக்கமாகத் தெரியும்? இந்த இரண்டுக்கும் சரியான விடை தருகிற கருவியை முதலில் வாங்கியவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்துவிடுகிறார்கள். "50 மடங்கு" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்ததை நம்பி வாங்கியவர்களுடைய பைனாகுலர் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

கொஞ்ச காலமாக இரண்டு பைனாகுலர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவருகிறேன். இரண்டும் நிக்கான் தயாரிப்பு, இரண்டும் 8×42. ஒன்று அக்குலான் ஏ211, மற்றது ப்ரோஸ்டாஃப் பி3. விலையுயர்ந்தவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, தொடக்கக்காரர்கள் தேடும்போது அடிக்கடி எதிர்ப்படுகிற இரண்டை எடுத்துக்கொண்டேன். கூடவே போனில் மெர்லின் என்ற செயலி.

முதலில் அந்த எண்கள். 8 என்பது உருப்பெருக்கம். நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும் மீன்கொத்தி ஐந்து மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். 42 என்பது முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வருகிறது. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பார்த்தால் அதில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் இந்த 5.25 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அப்போது எந்த பைனாகுலரும் பளிச்சென்றுதான் இருக்கும். விடிகாலையில் கண்மணி விரிந்து அதிக ஒளியைக் கேட்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். சட்டைப் பையில் அடங்கும் 8×21 கருவியில் அந்த வட்டம் 2.6 மில்லிமீட்டர் மட்டுமே. புதருக்குள் இருக்கும் பறவையின் நிறம் அதில் கறுப்பாகத்தான் தெரியும். கடையில் நடுப்பகலில் தெருவைப் பார்த்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் பிடிபடவே படாது.

அடுத்தது அகலம். அக்குலான் 8×42-ல் ஆயிரம் மீட்டர் தொலைவில் சுமார் 140 மீட்டர் அகலம் தெரிகிறது. அதே அக்குலானின் 10×42-ஐ எடுத்தால் சுமார் 105 மீட்டர்தான். எட்டு மடங்கைப் பத்து மடங்காக்குவதற்குக் காட்சியின் அகலத்தில் கால் பங்கை விட்டுக்கொடுக்கிறோம். பழகிய கைக்கு அது பெரிதில்லை. வேப்பமரத்தில் கிளைக்குக் கிளை தாவும் தையல்சிட்டை முதன்முறையாகத் துரத்தும் கைக்கு அந்தக் கால் பங்குதான் எல்லாமே. போதாததற்குக் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். முதல் பைனாகுலர் எட்டு மடங்கில் இருக்கட்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டு கருவிகளுக்கும் உருவத்திலேயே வேறுபாடு உண்டு. அக்குலான் பழைய பாணி, அகன்ற தோள்பட்டை. உள்ளே இருக்கும் போரோ பட்டகங்கள் ஒளியை மடக்கி அனுப்புவதால் முன் லென்சுகள் கண்களைவிட விலகி நிற்கின்றன. இதனால் காட்சிக்கு நல்ல ஆழம் கிடைக்கிறது. முன் கிளை எது, பின் கிளை எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. கொடுக்கும் காசுக்கு இதில் கிடைக்கும் காட்சி தாராளமானது. ப்ரோஸ்டாஃப் நேர்குழாய் வடிவம். எடை 565 கிராம். அக்குலான் முக்கால் கிலோ. கடையில் இந்த வித்தியாசம் தெரியாது. ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்தபிறகு கழுத்து சொல்லும். எதை வாங்கினாலும் கூட வரும் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, இரு தோள்களிலும் மாட்டுகிற பட்டை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். எடை முதுகுக்கு மாறிவிடும், குனியும்போது பைனாகுலர் ஊசலாடாது.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேரும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பறவை பார்க்கப் போகிறவர் மழையில் நனையாமல் திரும்ப முடியாது. ப்ரோஸ்டாஃப் பி3-க்குள் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருக்கிறார்கள்; மழைநீர் புகாது, உள்ளே பனி படியாது. அக்குலானுக்கு அந்தக் காப்பு இல்லை. தூறல் போட்டதும் பைக்குள் வைத்துவிட வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்சில் பூஞ்சை பிடிப்பது இன்னொரு தொல்லை. அக்குலான் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தோல் உறைக்குள் மூடி வைப்பது பூஞ்சைக்கு வசதி செய்துகொடுப்பதுதான்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கண்ணைப் பின் லென்சிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அக்குலானில் அது 12 மில்லிமீட்டர். ப்ரோஸ்டாஃபில் சுமார் 20. கண்ணாடியோடு அக்குலானில் பார்த்தால் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, நடுவில் ஒரு துளை வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்த 140 மீட்டர் அகலத்தை வாங்கியும் பயனில்லை. ப்ரோஸ்டாஃபில் கண்குவளையை உள்ளே திருகிவிட்டால் கண்ணாடி அணிந்தபடியே முழுதாகப் பார்க்கலாம். என் தீர்ப்பு இதை வைத்துத்தான்: கண்ணாடி அணிபவர்களும் மழையில் சுற்றப்போகிறவர்களும் ப்ரோஸ்டாஃப் வாங்கலாம். மற்றவர்களுக்கு அக்குலான் கொஞ்சம் குறைந்த செலவில் கூடுதலான காட்சியைத் தரும். பட்டாம்பூச்சி, தட்டான்களையும் பார்க்கும் ஆசை இருந்தால் மறுபடியும் ப்ரோஸ்டாஃப்தான். அது மூன்று மீட்டர் அருகில் இருப்பதற்கும் குவியும்; அக்குலானுக்கு ஐந்து மீட்டர் வேண்டும்.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி பொருத்திக்கொள்ள ஐந்து நிமிடம் செலவிடுங்கள். பலர் இதைச் செய்யாமலேயே "தலை வலிக்குது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து ஒன்றை நடுச் சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்குவளையை ஒட்டி இருக்கும் வளையத்தைத் திருகி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு எல்லாவற்றுக்கும் நடுச் சக்கரம் மட்டுமே. பறவையைப் பிடிக்கவும் ஒரு முறை உண்டு. பறவை மேல் வைத்த பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை மட்டும்தான் இருக்கும். மொட்டைமாடியில் காகங்களை வைத்தே இதைப் பழகிவிடலாம்.

எட்டு மடங்கில் என்னதான் தெரியும் என்று கேட்பவர்களை நத்தைகுத்தி நாரையைப் பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் நீர் நிற்கும் ஏரியிலும் வயலிலும் எளிதாகக் காணக்கூடிய பறவை. வெறுங்கண்ணுக்கு அழுக்கு வெள்ளையும் கறுப்புமாக நிற்கும் ஒரு நாரை, அவ்வளவுதான். பைனாகுலரில் அதன் அலகைப் பாருங்கள். நுனியில் சேர்ந்திருக்கும் இரு அலகுகளும் நடுவில் சேராமல், இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கும் கோரைப்புல்லின் பச்சை தெரியும். சேற்றுக்குள் அலகைவிட்டுத் துழாவி நத்தையை எடுத்து, தலையை ஆட்டி ஆட்டி ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி விழுங்குவதையும் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். வேடந்தாங்கல் கரையிலிருந்து பார்க்கும்போது, நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருப்பவை அவ்வளவு அருகில் இருப்பதால் எட்டு மடங்கே தாராளம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து, ஊர்மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த இடம் அது. ஆனால் கோடியக்கரையின் உப்பளங்களிலும் சேற்றுவெளியிலும் தூரத்தில் கூட்டமாக மேயும் உள்ளான்களை இனம் பிரிக்க இந்த பைனாகுலர்கள் போதா. பத்து மடங்கும் போதாது. அங்கே முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி வேண்டும். முதல் ஆண்டில் அதற்குச் செலவழிக்காதீர்கள். வைத்திருப்பவர்கள் கேட்டால் காட்டுவார்கள்.

இனி மெர்லின். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-ல் வெளியிட்ட இலவசச் செயலி. உங்கள் பகுதிக்கான தொகுப்பை வீட்டில் இருக்கும்போதே தரவிறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். எங்கே பார்த்தீர்கள், என்ன அளவு, என்ன நிறங்கள், என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டு, அந்த இடத்தில் அந்த மாதத்தில் இருக்கக்கூடிய பறவைகளைப் படத்தோடு வரிசைப்படுத்தும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த எளிய கேள்விப் பகுதிதான். பறவையின் அளவு சிட்டுக்குருவி அளவா, காக்கை அளவா என்று அது கேட்டுக் கேட்டு, அடுத்த முறை நாமே அதைக் கவனிக்கப் பழகிவிடுகிறோம்.

பலரும் அதைத் தரவிறக்குவது 2021-ல் வந்த ஒலி அடையாள வசதிக்காக. போனைப் பிடித்தால் குரல்கள் திரையில் வரிவரியாகப் படமாக ஓட, கீழே பெயர்கள் வந்து விழும். மரம் முழுக்கச் சத்தமாக இருக்கும் காலையில் இது பெரிய துணை. குக்குறுவான் எது, செண்பகம் எது என்று காதுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் அது தருவது யூகம்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கத்துவதில் கைதேர்ந்தது. காதை மட்டும் நம்பினால் மனிதரும் ஏமாறுவார், மென்பொருளும் ஏமாறும். திரையில் ஒரு பெயர் வந்தால் குரல் வந்த திசைக்கு பைனாகுலரைத் திருப்புங்கள். கண்ணால் பார்த்தபிறகு பட்டியலில் சேருங்கள். பெயர்களைச் சேர்த்துக்கொண்டே நடந்து, ஒரு பறவையையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மெர்லினில் ஒவ்வொரு பறவையின் குரல் பதிவும் இருக்கிறது. அதைக் காட்டில் நின்று ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் அது சண்டைக்குப் பறந்து வரும். அந்தப் பதிவுகளை வீட்டில் கேட்டுப் பழகுங்கள்.

செயலியோடு ஒரு புத்தகமும் தேவை. ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தமிழில் தொடங்குகிறவர்களுக்குப் பொருத்தமானது. திரையில் ஒரு பெயரைத் தேடுவது வேறு. மழைநாளில் பக்கம் பக்கமாகப் புரட்டி, இன்னும் பார்க்காத பறவையின் முகத்தை மனதில் பதித்துக்கொள்வது வேறு. கேமராவை ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்றும் சொல்வேன். படம் எடுப்பவருக்குப் பறவை நிற்கும் கணம்தான் முக்கியம். அது இரையைப் பிடித்து, கம்பியில் அடித்துக் கொன்று, மறுபடி அதே இடத்துக்கு வந்து உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை பைனாகுலரோடு வரும். உடை, தொப்பி, காலணிக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்து மங்கலான நிறத்தில் உங்களிடம் இருப்பதே போதும். குடிக்கத் தண்ணீர் மறக்காதீர்கள்.

பார்த்ததைக் குறித்துவைக்க ஈபேர்ட் என்ற தளம் இருக்கிறது. இதுவும் கார்னெல் ஆய்வகத்தைச் சேர்ந்ததுதான், 2002-லிருந்து இயங்குகிறது. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பறவை எத்தனை என்று பதிந்தால் அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும். மெர்லின் உங்கள் ஊருக்கு யூகம் சொல்வதே இப்படிப் பலர் பதிந்த பட்டியல்களை வைத்துத்தான். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் புதியவர்களும் சேரலாம். வீட்டு மாடியோ கண்மாய்க் கரையோ, ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எழுதினாலே ஒரு பட்டியல். மழைக்கு முன்பே பைனாகுலர் வாங்கிவிட்டால், பொங்கலுக்குள் கை பழக உங்களுக்கு இரண்டு மூன்று மாதம் கிடைக்கும்.