டிலனின் அடுத்த ஆல்பம்

2012இல் ‘டெம்பெஸ்ட்’ வெளிவந்த பின் எட்டு ஆண்டுகள் பாப் டிலன் சொந்தப் பாடல்கள் கொண்ட புதிய ஆல்பம் எதையும் தரவில்லை. இடையில் வந்த மூன்றும் பழைய அமெரிக்கப் பாடல்களின் மறுபாடல்களே. பெரும்பாலானவை ஃபிராங்க் சினாட்ரா முன்பே பாடியவை. 2016இல் இலக்கிய நோபல் பரிசும் வந்தது. இனி எழுதுவாரா என்ற கேள்வி ரசிகர்களிடம் எழுந்தது இயல்பே.

2020 மார்ச்சில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றிய ஏறத்தாழ 17 நிமிடப் பாடல் ஒன்று வெளியானது. பியானோவும் வயலினும் சன்னமாகப் பின்னால் நகர, கரகரத்த குரல் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நடக்கிறது. தேய்ந்த குரலை மறைக்க முயலாமல் அதற்கேற்ற சொல்லடுக்கை எழுதிக்கொண்டதுதான் இதன் நுட்பம். இளமையில் அவரால் இதை இப்படிப் பாடியிருக்க முடியாது. ஜூனில் அந்தப் பாடல் இடம்பெற்ற ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ ஆல்பம் முழுதாக வந்தபோது அவருக்கு வயது 79.

2023இன் ‘ஷேடோ கிங்டம்’ பெரும்பாலும் அவரது பழைய பாடல்களின் மறுபதிவு. ஆக, கேள்வி மறுபடியும் எழுந்தது. அடுத்தது வராமலே போனாலும், 2020இன் ஆல்பம் கடைசி ஆல்பமாக நிற்கத் தகுதி உள்ளதே.