சுற்றோட்ட மாற்றங்களும் மருந்தாய்வுகளும்: ஒரு விமர்சன நோக்கு

1985ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த எரிச் மூஹே லப்பறஸ்கோப்பி முறையாற் பித்தப்பையை அகற்றினார். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. சிறிய துளைகள், குறைந்த நோவு, விரைந்த குணம் என்பன இதன் சிறப்புகளாம். ஆயின், வயிற்றறையைக் காபனீரொட்சைட்டு வாயுவினால் ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு விரிக்கவேண்டியிருத்தலின் குருதிச் சுற்றோட்டம் மாறுபடுகின்றது. வாசோபிரசின், கற்றக்கோலமைன் ஆகியவற்றின் சுரப்பு மிகுகின்றது, குருதிக்குழாய்களின் தடை கூடுகின்றது, குருதியமுக்கம் உயர்கின்றது, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவோ குறையக்கூடும்.

இம்மாற்றங்களை அடக்குதற்குக் குளொனிடின், டெக்ஸ்மெடெட்டோமிடின், எஸ்மொலோல், மகனீசியம் சல்பேற்று முதலாய மருந்துகளை ஒப்புநோக்கும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவை குருதியமுக்க உயர்வைத் தணிக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இவ்வாய்வுகளின் பொதுப்போக்குக் குறித்து இரு வினாக்கள் எழுகின்றன.

ஆய்வுக்குட்படுவோர் யாவர் என்பது முதலாவது வினா. பெரும்பாலும் வேறு பாரிய நோயற்றோரே தெரிவு செய்யப்படுகின்றனர். அவர்களது உடல் இம்மாற்றங்களைப் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். பாதுகாப்பு மிக வேண்டப்படும் இதய நோயாளியோ ஆய்வின் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றார்.

எதனை வெற்றியெனக் கொள்வது என்பது இரண்டாவது வினா. அமுக்கம் குறைந்தமை நோயாளி நலம்பெற்றமைக்குச் சான்றாகாது. இதயமல்லாத பிற சத்திரசிகிச்சைகளுக்குட்பட்ட 8,351 பேரிடம் மெற்றோபுறோலோலைப் பரீட்சித்து 2008இல் வெளியான பொய்ஸ் ஆய்வில் மாரடைப்புக் குறைந்தது. மரணமும் பக்கவாதமும் கூடின. 10,010 பேரிடம் நிகழ்ந்து 2014இல் வெளியான இரண்டாம் பொய்ஸ் ஆய்விற் குளொனிடின் மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. ஆபத்தான அமுக்கத் தாழ்வையும் மரணத்தில் முடியாத இதய நிறுத்தத்தையும் கூட்டியது. இவை லப்பறஸ்கோப்பிக்கு மட்டும் உரியன அல்லவெனினும், எண்ணைத் திருத்துதல் வேறு, மனிதனைக் காத்தல் வேறு என்பதை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றன.

மேலும், மாற்றத்தின் மூலகாரணங்களுள் முதன்மையானது வாயுவின் அமுக்கமே. அதனை இயன்றவரை தாழ்த்துதலும் வாயுவை மெல்லச் செலுத்துதலும் புதிய மருந்தெதனையும் வேண்டாதன. அமுக்கம் தாழ்ந்தாற் சத்திரவைத்தியரின் பார்வைப்புலம் குறுகும் என்பது மெய்யே. ஆதலின் அவரும் உணர்விழப்பு நிபுணரும் சேர்ந்து தீர்மானித்தல் இன்றியமையாதது. மருந்தை மருந்தோடு மட்டும் ஒப்பிடாது, தாழ்ந்த அமுக்கத்தோடும் ஒப்பிடுக. இதய நோயாளரையும் தக்க பாதுகாப்புடன் உட்படுத்துக. அமுக்கமானியோடு நில்லாது, நோயாளி வீடு திரும்பிய பின்னரும் அவர் நிலையை அறிக. வறிய நாடுகளின் வைத்தியசாலைகளுக்குப் பயன்படும் ஆய்வு அதுவேயாகும்.