சிந்தெடிக் ஒயில் ஊற்றலாமா?

சாய்ந்தமருது கராஜ் ஒன்றில் பழைய ஆல்டோவின் எஞ்சின் மேல்மூடியைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே கறுப்புக் களி, விரலால் வழித்தெடுக்கும் தடிப்பில். "மினரல் ஒயில்ட வேல இது. சிந்தெடிக் ஊத்தியிருக்கணும்" என்றார் ஒருவர். கராஜ் பாஸ் பேசாமல் கண்ணாடியில் இருந்த சேர்விஸ் ஸ்டிக்கரைக் காட்டினார். 5,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய ஒயில் 11,000 ஓடியிருந்தது.

சிந்தெடிக் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. சூட்டில் எளிதில் கெடாது, ஆவியாகிக் குறைவதும் சொற்பம். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017 இல் செய்த சோதனைகளில், சாதாரண ஒயிலைவிடச் சராசரியாக 47 சதவீதம் மேலாக நின்றது. ஆனால் அவை ஒயிலுக்கு வைத்த ஆய்வுகூடச் சோதனைகள். எஞ்சின் எத்தனை வருடம் கூடுதலாக உழைக்கும் என்று அவை சொல்லவில்லை. கடுங்குளிரில் ஒயில் எப்படி ஓடுகிறது என்பதும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். 0டபிள்யூ என்ற தரத்துக்கான குளிர் ஸ்டார்ட் சோதனை மைனஸ் 35 பாகையில் நடக்கிறது. கல்முனையில் மார்கழி விடியலிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

அப்படியென்றால் வீண்செலவா? வேகன்ஆர், அக்குவா ஹைபிரிட்காரர்களுக்கு இல்லை. அவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயில்தான் பொருத்தம். அத்தனை மெல்லியதைச் சாதாரண மினரலில் செய்ய இயலாது. "சூட்டு ஊர், தடிப்பா ஊத்துங்க" என்று அவற்றுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நின்று நின்று உயிர்க்கும் எஞ்சின் அவற்றுடையது. வால்வு நேரத்தை மாற்றும் நுண்ணிய வழிகளுக்குள் தடித்த ஒயில் தாமதித்தே போகும். பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். மஹியங்கனை 18 வளைவில் ஆளும் சாமானுமாக ஏறிக் கண்டி, கொழும்பு என்று அடிக்கடி ஓடும் வாகனத்துக்கும் சிந்தெடிக் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கேனில் 'சிந்தெடிக்' என்றிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கச்சா எண்ணெயை ஆழமாகச் சுத்திகரித்ததும் அதே பெயரில்தான் வருகிறது. 0டபிள்யூ-20 போன்ற தர இலக்கத்தையும் ஏ.பி.ஐ. தரச்சான்று முத்திரையையும் பாருங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 இல்தான் திறந்தது. இருக்கும் எஞ்சினைக் காப்பது இங்கே குடும்பத்தின் சேமிப்பைக் காப்பதுதான். ஊருக்குள் ஓடும் பழைய ஆல்டோவுக்குக் கையேடு அனுமதிக்கும் நல்ல மினரல் போதும், 5,000 தவறாமல், பில்டரோடு மாற்றினால். சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு மறந்திருப்பவரின் எஞ்சினிலும் அந்தக் களி வரும்.

பாஸ் அந்த ஆல்டோவுக்கு மினரலையே ஊற்றினார். புது ஸ்டிக்கரில் 2,000 மட்டும் கூட்டி எழுதினார், மிச்சக் களி கரைந்து முதலில் வடியட்டும் என்று.