உடையாத கண்ணாடி: கதையில் விடுபட்டது என்ன?

கண்ணாடிப் பீங்கான் பிறந்த கதையை நீங்கள் எங்கேனும் படித்திருக்கக்கூடும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்பவர் ஒரு கண்ணாடித் தகட்டை உலையில் வைத்தார். 600° செ. வரை சூடேற வேண்டிய உலை, பழுதினால் 900° செ. வரை ஏறிவிட்டது. தகடு உருகி ஓடியிருக்கும் என்று எண்ணி அவர் கதவைத் திறந்தார். உள்ளே வெண்ணிறத் தகடு உருக்குலையாமல் இருந்தது. வெளியே எடுக்கையில் அது தரையில் விழுந்து உலோகம்போல ஒலித்தது, உடையவில்லை. அந்தத் தற்செயலிலிருந்து சமையல் பாத்திரம் வந்தது என்று கதை முடியும்.

சுவையான கதைதான். நிகழ்ச்சியும் உண்மையே. ஆனால் இப்படிச் சொல்வதில் இரண்டு குறைகள் உண்டு.

முதல் குறை, வெள்ளியை மறந்துவிடுவது. அந்தத் தகடு சாதாரண ஜன்னல் கண்ணாடி அன்று. லித்தியம் சிலிகேட் கண்ணாடியில் சிறிதளவு வெள்ளியும் சீரியமும் சேர்த்து, ஒளி பட்டால் படம் பதியும்படி ஸ்டூக்கி திட்டமிட்டு ஆக்கியது. புற ஊதாக் கதிர் பட்டால் சீரியம் எலெக்ட்ரானை விடுவிக்கும். வெள்ளி அயனி அதைப் பெற்று அணுவாகும். சூடேற்றும்போது வெள்ளி அணுக்கள் நுண்துகள்களாகத் திரளும். ஒவ்வொரு துகளின்மேலும் லித்தியம் மெட்டாசிலிகேட் படிகம் வளரும்.

கற்கண்டு செய்வதை நினைத்துப் பாருங்கள். பாகில் தொங்கும் நூலைப் பற்றிக்கொண்டுதான் படிகங்கள் வளர்கின்றன. இங்கே வெள்ளித் துகள்களே நூல்.

சூடு மேலும் ஏறியபோது படிகங்கள் பெருகி, லித்தியம் டைசிலிகேட்டாக மாறின. அதன் உருகுநிலை சுமார் 1,033° செ. எனவே 900° செ. வெப்பத்திலும் படிகங்கள் ஒன்றையொன்று பின்னித் தகட்டைத் தாங்கிநின்றன. கண்ணாடி இளகிச் சரியுமுன் படிகம் முந்திக்கொண்டது.

வெறும் சூடு போதுமானால் இந்த வெற்றி 200 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கும். 1739-இல் பிரெஞ்சு அறிஞர் ரேமூர், கண்ணாடிப் புட்டிகளை மணலிலும் ஜிப்சத்திலும் புதைத்துப் பல நாள் சூடேற்றினார். அவை பீங்கான்போல வெளுத்தன. ஆனால் உள்ளே கருக்கள் இல்லாததால் படிகங்கள் மேற்பரப்பிலிருந்தே உள்நோக்கி வளர்ந்தன. புட்டிகள் உருக்குலைந்தன, வலிமையும் இல்லை.

இரண்டாம் குறை, விழுந்த தகடே பாத்திரமானதாகச் சொல்வது. வெப்பம் தாங்குவது என்றால் இரண்டு பொருள் உண்டு: உருகாமல் இருப்பது ஒன்று, திடீர்ச் சூட்டிலும் குளிரிலும் விரிசல் விடாமல் இருப்பது மற்றொன்று. லித்தியம் டைசிலிகேட் முதலாவதில் தேறும். இரண்டாவதில்? ஒரு டிகிரிக்கு அது 10 லட்சத்தில் சுமார் 10 பங்கு விரிகிறது. ஜன்னல் கண்ணாடியும் ஏறத்தாழ அவ்வளவே விரியும். அடுப்பிலிருந்து இறக்கித் தண்ணீரில் வைக்க இது உதவாது.

அதற்கு வேறு கலவை வேண்டியிருந்தது. லித்தியத்துடன் அலுமினியம் சேர்ந்த சிலிகேட்டில், கருவாக வெள்ளிக்குப் பதில் டைட்டேனியம் ஆக்சைடு. இப்படிகங்கள் சூட்டில் மிகமிகக் குறைவாகவே விரியும். 1957-இல் வெளியான பைரோசெரம் இந்த வழியில் வந்தது. பழுதான உலைக்கும் பாத்திரத்துக்கும் இடையே சில ஆண்டுகளின் உழைப்பு இருக்கிறது. கதை அதைத்தான் விழுங்கிவிடுகிறது.

லித்தியம் டைசிலிகேட்டும் வீணாகவில்லை. இன்று பல் உறைகள் செய்ய அது பயன்படுகிறது. முதலில் மெட்டாசிலிகேட் நிலையில், எளிதில் செதுக்கத்தக்க கட்டியாக ஆக்குகிறார்கள். பல்லின் வடிவில் கடைந்தபின் சுமார் 850° செ. வரை சூடேற்றி டைசிலிகேட்டாக மாற்றுகிறார்கள். அன்று உலை தவறிச் செய்தது, இன்று அளந்து செய்யப்படுகிறது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? அறிவியல் என்பது அதிர்ஷ்டம் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடக் கூடாது. உலை யாருக்கும் பழுதாகலாம். உலைக்குள் என்ன வைத்திருந்தார், வெளுத்த தகட்டைக் குப்பையில் போடாமல் என்ன கேட்டார் என்பவையே முக்கியம். அடுத்த முறை ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ என்று படிக்கும்போது, இந்த இரண்டு கேள்விகளையும் நீங்களே கேட்டுப் பாருங்கள்.