சரளைச் சாலையில் டிராக்டர் பிளேடு: சமமும் வாட்டமும்

அமெரிக்கச் சாலைகளின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தார் காணாதது. மிசௌரி, அயோவா, தெற்கு டகோட்டா போன்ற பண்ணை மாநிலங்களில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிச் சற்றுத் தூரம் போனாலே சரளைச் சாலை வந்துவிடும். கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்துக்கு உட்பட்ட சாலைகளை, மோட்டார் கிரேடர் என்ற சாலை சீவும் இயந்திரம் முறை வைத்து வந்து சீர்செய்துவிட்டுப் போகும். நான்கைந்து வீடுகளுக்கோ ஒரு பண்ணைக்கோ மட்டும் போகும் தனியார் பாதைகளுக்கு அது வருவதில்லை. அவற்றைக் காப்பாற்றி வருவது அங்கே குடியிருப்பவர்களின் டிராக்டர்தான். வைக்கோல் கட்டு தூக்கவும் புல் வெட்டவும் வாங்கிய வண்டிக்குப் பின்னால் ஒரு பிளேடை மாட்டி இரண்டு மூன்று முறை போய் வந்தால், குண்டும் குழியுமாகக் கிடந்த பாதை மறுபடி கார் போகும் பாதையாகிவிடுகிறது.

இதை அரைகுறை வேலை என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. சாலையோரம் குடியிருப்பவரிடம் கருவி இருப்பதில் ஒரு பெரும்பலம் உண்டு: சரியான நாளில் அவரால் வேலை செய்ய முடியும். ஆனால் டிராக்டரும் அதன் பின்னிணைப்புகளும் வயலுக்காகப் பிறந்தவை. வயலைச் சமப்படுத்தும் மனத்தோடு சாலையில் இறங்குபவர், பார்வைக்கு நன்றாக இருக்கும்படியே சாலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுகிறார். முதல் விஷயத்தை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு குறைவு.

இந்தப் பழக்கத்தின் வேர் டிராக்டருக்கும் முந்தையது. மிசௌரியின் வடமேற்கில் மெய்ட்லண்ட் என்ற சிற்றூரின் விவசாயி டி. வார்ட் கிங், 1896 வாக்கில், தானே செய்த மர இழுவை ஒன்றைக் குதிரைகளில் பூட்டித் தன் பண்ணைக்கு முன்னால் சேறாய்க் கிடந்த மண் சாலையில் இழுத்துப் பார்த்தார். அது பிறகு ஒரு திட்டமான உருவம் பெற்றது. சுமார் எட்டடி நீள மரத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, பிளந்த தட்டைப் பக்கம் முன்னோக்கி இருக்கும்படி இரண்டரை அடி இடைவெளியில் நிறுத்திப் பிணைத்தால் கருவி தயார். மேலே ஒரு பலகை. ஓட்டுபவர் அதில் நின்றுகொண்டு தன் எடையை இப்படியும் அப்படியும் மாற்றி, எங்கே மண்ணை வெட்டுவது, எங்கே விடுவது என்று முடிவு செய்வார். அமெரிக்க வேளாண்மைத் துறை 1908இல் கிங்கின் விளக்கத்தை விவசாயிகளுக்கான தன் வெளியீட்டு வரிசையில் 321ஆவது எண்ணாக அச்சிட்டது.

கிங் வற்புறுத்தியது இரண்டே காரியம். மழை விட்ட பிறகு, மண் காய்ந்து இறுகும் முன் இழுக்க வேண்டும். இழுவையைச் சாய்த்து இழுத்து, ஓரத்து மண்ணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் நாற்று நடும் முன் சேற்றில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவியின் உருவம் பழக்கமானதாகத் தோன்றும். நோக்கம் நேர் எதிரானது. பரம்பு வயலில் தண்ணீர் ஒரே மட்டமாக நிற்பதற்காகச் சமப்படுத்துகிறது. கிங்கின் கட்டை தண்ணீர் ஒரு கணமும் நிற்காமல் ஓடுவதற்காக நடுவை உயர்த்தியது. டிராக்டர் பிளேடைப் பற்றிய என் மனக்குறை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கட்டையின் இடத்துக்கு எஃகு வந்தது, குதிரையின் இடத்துக்கு எஞ்சின் வந்தது. இழுப்பவர்களில் பலர் பரம்படிக்கும் நினைப்பிலேயே இழுக்கிறார்கள்.

கொத்தனார்கள் மொட்டைமாடிக்கு வாட்டம் விடுவது போலத்தான் சாலைக்கும் வாட்டம் வேண்டும், அதுவும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும். தெற்கு டகோட்டாவில் கென் ஸ்கோர்செத் முன்னின்று எழுதி 2000இல் வந்த சரளைச் சாலைப் பராமரிப்புக் கையேட்டை அமெரிக்காவின் கிராமப்புறச் சாலைப் பணியாளர்கள் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். 2015இல் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் அதைப் புதுப்பித்து வெளியிட்டது. அது சொல்லும் வாட்டம் அடிக்கு அரை அங்குலம், அதாவது 4 சதவீதம். பன்னிரண்டடி அகலப் பாதை என்றால் நடுப்பகுதி விளிம்பைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். தார்ச் சாலைக்கு இதில் பாதி போதும், ஏனென்றால் தாருக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. சரளையில் தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணை இளக்குகிறது. அடுத்து வரும் சக்கரம் அந்த இளகிய மண்ணைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. மறுநாள் அங்கே ஒரு குழி. மூன்று அங்குல உயரம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் அது ஒவ்வொரு இழுப்பிலும் கால் அங்குலமாகக் குறைந்துகொண்டே வருவதும் தெரியாது. இருபுறமும் சமமாக, அழுந்தச் சீவிவிட்ட சாலை அன்று மாலை அழகாக இருக்கும். முதல் கனமழை அதன் குறையைக் காட்டிவிடும்.

டிராக்டரின் அமைப்பே இந்தச் சறுக்கலுக்கு ஒரு காரணம். ஹாரி ஃபெர்குசனின் ஹைட்ராலிக் மும்முனை இணைப்பு 1939இல் ஃபோர்டு-ஃபெர்குசன் 9என் டிராக்டர் வழியாகப் பரவியது. இன்று பெரும்பாலான டிராக்டர்களில் இருப்பது அதன் வழித்தோன்றல்தான். கலப்பைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. சாலைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கருவி பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஆறடி, பின்சக்கரத்திலிருந்து பிளேடு நான்கடி என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் மூன்று அங்குல மேட்டில் ஏறினால், பிளேடு இரண்டு அங்குலம் கீழே போகப் பார்க்கும். பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பிளேடு ஐந்து அங்குலம் மேலே எழும். பள்ளத்தில் வெட்டி மேட்டில் விட்டுப்போவது இப்படித்தான் நேர்கிறது. மோட்டார் கிரேடரில் பிளேடு முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே இருப்பதால், அதே மூன்று அங்குலம் அங்கே ஏறக்குறைய ஒன்றரை அங்குலமாகப் பாதி குறைந்துவிடும். ஒன்று மேடுபள்ளத்தைப் பெருக்குகிறது, மற்றது குறைக்கிறது. ஓட்டுபவரின் திறமை எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கை எதிர்த்தே அவர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. தவிர, டிராக்டரின் மும்முனை இணைப்பில் உள்ள லிஃப்டுக்குத் தூக்கத் தெரியும், அழுத்தத் தெரியாது. காய்ந்து இறுகிய சாலையில் பிளேடு தன் எடையளவுக்கே வெட்டும். அதற்கு மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

கருவிக்குக் கருவி இந்தக் குறை வேறுபடுகிறது. பாக்ஸ் பிளேடு என்பது மூன்று பக்கம் அடைத்த பெட்டி; முன்னால் இறக்கி ஏற்றக்கூடிய கொத்துப் பற்கள் இருக்கும். இறுகிய தரையைக் கீற அதுபோல் வேறில்லை. மண்ணைப் பெட்டிக்குள் அள்ளி வைத்து வேறிடத்தில் விடவும் முடியும். ஆனால் மேலே சொன்ன ஏற்ற இறக்கம் இதில்தான் மிகக் கடுமையாகத் தெரியும். புதிதாக ஓட்டுபவர் நூறடிக்குள் சாலையை அலையலையாக்கிவிடுவார். அதைச் சரிசெய்ய மறுபடி ஓட்டினால் அலை பெரிதாகும்.

இதற்கு மாற்றாக லேண்ட் பிளேன் என்ற கருவி மிகவும் விரும்பப்படுகிறது. தரையில் படிந்து போகும் நீண்ட இரண்டு சறுக்குப் பட்டைகள், நடுவே சாய்வாக இரண்டு பிளேடுகள். ஆறேழு அடி நீளப் பட்டை குழியை எட்டிக் கடந்துவிடுவதால், டிராக்டரின் தலையாட்டம் பிளேடுக்குப் போய்ச் சேர்வதில்லை. லிஃப்டை இறக்கிவிட்டு நேராக ஓட்டினால் போதும். இந்தக் கருவியைப் பற்றிய புகழ்ச்சியில் பெரும்பகுதி நியாயமானது. என்றாலும், எது இதன் பலமோ அதுவே இதன் வரம்பு. இருக்கும் வடிவத்தை இது மென்மையாக்கித் தருகிறது. வாட்டம் உள்ள சாலையில் ஓட்டினால் வாட்டத்தோடு மென்மையாகும். தட்டையான சாலை தட்டையாகவே மென்மையாகும். ஒரு பக்க இணைப்பைக் குறுக்கிக் கருவியைச் சாய்த்து ஓட்டினால் நடுவை ஓரளவு உயர்த்தலாம், பலரும் அதைச் செய்வதில்லை. செய்யாமலே சாலை நன்றாக இருப்பதாகத் தெரிவதுதான் காரணம்.

மூன்றாவது கருவி பழைய ரியர் பிளேடு. மூன்றில் நான் உயர்வாக மதிப்பது இதைத்தான். ஒற்றைத் தகடு, அதைத் திருப்பலாம், சாய்க்கலாம், சில மாடல்களில் ஒரு பக்கமாகத் தள்ளியும் வைக்கலாம். வண்டிகளின் சக்கரங்கள் ஓரத்தில் உதறிவிட்ட சரளை நாளடைவில் வரப்பு போல உயர்ந்துவிடும். அந்த வரப்பு, வாட்டத்தில் வழிந்து வரும் தண்ணீரைக் கால்வாய்க்குப் போகவிடாமல் சாலையோரத்திலேயே மறித்து ஓட வைக்கும். அதை உடைத்துச் சரளையைத் திரும்ப நடுவுக்கு இழுத்துவர ரியர் பிளேடால் முடியும். சாலைக்கு உருவம் கொடுக்கும் வேலை இது. மூன்றில் அதிகப் பொறுமை கேட்பதும் இதுதான். சாய்த்த தகடு டிராக்டரைப் பக்கவாட்டில் இழுக்கும், ஆழத்தைக் கையால் நிமிடத்துக்கு நிமிடம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிங்கின் கட்டைமேல் நின்றவர் செய்த வேலைக்கு மிக நெருங்கியது இதுவே.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சரளைச் சாலையில் குறுக்கே வரிவரியாகத் தோன்றும் அலைகளுக்கு வண்டியின் ஸ்பிரிங்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியது. சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டார்கள். ஸ்பிரிங் இல்லாமலும் அலை வந்தது. பின்னர் ஒரு சோதனையில் சக்கரத்துக்குப் பதில் சாய்ந்த தகடு ஒன்றை வைத்தார்கள், அப்போதும் வந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மட்டும் மணல் சமமாகவே இருந்தது. சாலையைச் சீவும் பிளேடும் சாய்ந்த தகடுதானே. மணிக்கு மூன்று முதல் ஐந்து மைலுக்குள் ஓட்டும்படி ஸ்கோர்செத் கையேடு சொல்வதற்கும் இதற்கும் பொருத்தம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பிளேடு துள்ளத் தொடங்கும். அலையைப் போக்க வந்த கருவி புது அலையை விதைத்துவிட்டுப் போகும். மேட்டின் அடிவாரத்திலும், வண்டிகள் பிரேக் அடிக்கும் சந்திப்புகளிலும் அலை திரும்பத் திரும்ப வருவதை ஓட்டுபவரால் தடுக்க முடியாது. தன் பிளேடே அதை உண்டாக்காமல் பார்த்துக்கொள்வது அவர் கையில் இருக்கிறது.

குழிகள் விஷயத்தில் நடப்பது இதைவிட வருத்தமானது. மேலோட்டமாக இழுத்த பிளேடு, உதிரிச் சரளையைக் குழிக்குள் நிரப்பிவிடுகிறது. குழியின் அடியும் சுவரும் இறுகியிருக்க, உள்ளே போட்டது ஒட்டாமல் தனியாகவே கிடக்கும். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே குழி விழும். குழியின் ஆழம் வரைக்கும் சுற்றிலும் கொத்திக் கிளறி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஈரத்தோடு பரப்பினால்தான் அது மறையும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை அரைநாள் ஆகும். பலரும் ஒரு மணி நேர வேலையையே மாதந்தோறும் செய்கிறார்கள்.

எந்தப் பிளேடாலும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. மேற்பரப்புச் சரளையில் கல்லோடு நுண்மண்ணும், அதில் ஓரளவு களியும் இருந்தாக வேண்டும். அதுதான் கல்லைக் கல்லோடு பிணைக்கிறது. தார்ச் சாலைக்கு அடித்தளமாகப் போடும் சரளையில் களி மிகக் குறைவு, அங்கே அது வேண்டாத பொருள். மலிவு என்று அதையே வாங்கி மேலே கொட்டினால் அது எந்நாளும் இறுகாது. நல்ல சரளையும் காலப்போக்கில் இந்தக் களியைப் புழுதியாக இழக்கிறது. கோடையில், உலர்ந்த சாலையில், பிளேடு இழுக்கும்போது பின்னால் எழும் மேகம் சாலையின் பசைதான். கால்சியம் குளோரைடு தெளித்து ஈரத்தைப் பிடித்துவைப்பதும், உலர்நாளில் பிளேடைத் தொடாமல் இருப்பதும் அதைக் காக்கும் வழிகள். பசை போன பிறகு மிஞ்சிய உருளைக்கற்களை ஆயிரம் முறை சீவினாலும் அவை உருண்டுகொண்டேதான் இருக்கும்.

புதுச் சரளைக்கு ஆகும் செலவு சிறியதல்ல. ஒரு மைல் நீளம், பன்னிரண்டடி அகலச் சாலையில் ஓர் அங்குலம் மட்டும் கூட்ட 5,280 கன அடி வேண்டும். நம் லாரிக்காரர்கள் கணக்கில் கிட்டத்தட்ட 53 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் பதினெட்டு நடை. ஓரத்துக்குப் போன சரளையை மீட்டுவரும் ரியர் பிளேடின் மதிப்பு இங்கே தெரிகிறது. சமமாக்கும் நினைப்பில் சரளையை இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிடும் இழுப்பு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதும் இங்கேதான் தெரிகிறது.

தனியார் பாதைகளில் இன்னொரு நெருடல் உண்டு. டிராக்டர் வைத்திருப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் ஐந்து குடும்பத்தார். அவர் டீசலையும் நேரத்தையும் கொடுக்கிறார் என்பதற்காக மற்றவர்கள் சரளைக்கும் கால்வாய்க்கும் பணம் போடாமல் இருந்துவிடுகிறார்கள். மாதாமாதம் சீவப்படும் சாலைக்குப் பணம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வாட்டம் போய், சரளை மெலிந்து, அடிமண் தெரியும் வரைக்கும் அந்த நம்பிக்கை நீடிக்கிறது. இந்த நிலைக்கு வந்த சாலையை டிராக்டரால் மீட்க முயல்வது வீண் உழைப்பு என்றே சொல்வேன். ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒருமுறை மோட்டார் கிரேடரையும் ரோலரையும் வாடகைக்கு அழைத்து, கால்வாயைத் தோண்டி, களி சேர்ந்த சரளையைப் போட்டு, வாட்டத்தை அமைத்துவிட வேண்டும். அதன் பிறகு மழை விட்ட மறுநாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக இழுக்கும் ஒரு ரியர் பிளேடே அதைப் பல ஆண்டு காப்பாற்றும்.